வயலைக் காக்கலாம், ஆளைக் கொல்லலாமா? – வேலியும் சட்டமும்



இந்த மாதப் பாடம் விதை, மண், மூடாக்கு பற்றியது இல்லை. வேலியைப் பற்றியது. வேலிக்கு உள்ளே நமக்கு இருக்கும் உரிமை எதுவரை, அது எந்த இடத்தில் முடிகிறது என்பதுதான் கேள்வி.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை 1984 முதல் இருக்கிறது. சாலையின் கிழக்கே உப்பனாறு. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று சுற்றிலும் ஊர்கள். ஆலைக்கு மதில், மதில் மேல் முள்கம்பி, வாசலில் காவலாளி, கேமரா. இந்தப் பக்கம் நம்ம நெல்லும் மல்லாட்டையும் மரவள்ளியும் முந்திரியும். நமக்கு வரப்புதான் மதில். ராத்திரியில் பன்னி வருது, எலி வருது, மோட்டார் ஒயரை அறுத்துப் போறவன் வர்றான், முந்திரிக்கொட்டை பொறுக்குறவன் வர்றான். "ஆலைக்காரன் கரண்டு வேலி போடுறான், நாம போட்டா மட்டும் தப்பா?" இந்தக் கேள்வியை எங்கள் குழுக் கூட்டத்தில் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று மாத உழைப்பை ஒரே ராத்திரியில் பன்னிக்குப் பறிகொடுத்தவர்கள்.

அதனால் கோபத்தைக் குறை சொல்லாமல், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

உரிமை இருக்கிறது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தன் உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அடுத்தவர் உடலையும் சொத்தையும் காக்கக்கூட உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். எண் மாறியிருக்கிறது, சரக்கு ஏறத்தாழ அதேதான்.

35-வது பிரிவுப்படி திருட்டு, கொள்ளை, சொத்தழிப்பு, அத்துமீறி நுழைதல் ஆகிய நான்குக்கும் எதிராகச் சொத்தைக் காக்கலாம். இந்தக் குற்றங்களுக்கான முயற்சி நடந்தாலே போதும். திருடி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஓடிப்போக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையின் நெறிகளை வரிசைப்படுத்தியது. தாக்கப்படுகிறவர் தராசு வைத்து அளந்து அடிக்க முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. அதே தீர்ப்பு, இது தற்காப்புக்கான உரிமை, பழிவாங்குவதற்கானது அல்ல என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

உயிர் போகும் அளவுக்கு எப்போது?

41-வது பிரிவு (பழைய 103) நான்கு சூழல்களை மட்டும் சொல்கிறது. இந்த நான்கில் ஒன்று நடந்தால்தான், சொத்தைக் காக்கும்போது எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமாகாது.

ஒன்று, கொள்ளை. திருட்டும் கொள்ளையும் ஒன்றல்ல. திருடும்போது ஆளை அடித்தால், அடிப்பேன் வெட்டுவேன் என்று அந்த இடத்திலேயே மிரட்டினால்தான் அது கொள்ளை. நீங்கள் டார்ச் அடித்ததும் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் கொள்ளைக்காரன் இல்லை.

இரண்டு, சூரியன் மறைந்த பின், விடிவதற்கு முன் வீட்டை உடைத்து நுழைவது. வீடு என்றால் ஆள் குடியிருக்கும் கட்டடம், கூடாரம் மட்டுமல்ல, பொருளைப் பத்திரமாக வைக்கும் கட்டடமும் சேரும். நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்தின் பூட்டை இரவில் உடைத்தால் இதில் வரலாம். ஆனால் திறந்த வயல் வீடாகாது. வரப்பைத் தாண்டுவது வீடு உடைப்பாகாது. நம்மில் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

மூன்று, குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது அல்லது வெடிவைப்பது.

நான்கு, திருட்டு, சொத்தழிப்பு, வீட்டுக்குள் அத்துமீறல் இவற்றில் ஏதாவது நடக்கும்போது, இப்போது தடுக்காவிட்டால் ஓர் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை. அரிவாளோடு பாய்கிறவன் இதில் வருவான். மல்லாட்டைச் செடியைப் பிடுங்குகிறவன் வரமாட்டான்.

இந்த நான்கையும் திரும்பப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் பொருளுக்குப் பின்னால் ஒரு மனித உயிர் ஆபத்தில் நிற்கிறது. வெறும் பொருளுக்காக உயிரை எடுக்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை. மற்றச் சூழல்களுக்கு 42-வது பிரிவு: மரணம் தவிர்த்த தீங்கு வரை போகலாம். அதாவது தள்ளலாம், பிடிக்கலாம், தேவைப்பட்ட அளவு அடித்து விரட்டலாம். அதற்கு மேல் கிடையாது.

மூன்று கட்டுகள்

இந்த உரிமைக்கு மூன்று கட்டுகள் உண்டு.

முதல் கட்டு, நேரம். காவல்துறையிடம் போக அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை எழாது (37-வது பிரிவு). "நாளைக்கு ராத்திரி அவன் வருவான்னு தெரியும், அதனால இன்னைக்கே கம்பி கட்டிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காவல் நிலையம் போக ஒரு பகல் முழுக்க இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாம் கட்டு, அளவு. தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. இதுவும் 37-வது பிரிவிலேயே இருக்கிறது. அளவு மீறி உயிர் போனால், நல்லெண்ணத்தோடு, கொல்லும் திட்டம் இல்லாமல் மீறியவருக்குக் கொலைக் குற்றம் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறையலாம். ஆனால் விடுதலை ஆகாது.

மூன்றாம் கட்டு, முடிவு. 43-வது பிரிவுப்படி திருடன் பொருளோடு தப்பிப் போய்விட்டாலோ, காவல்துறை வந்துவிட்டாலோ, பொருள் திரும்பக் கிடைத்துவிட்டாலோ உரிமை அத்தோடு தீர்ந்தது. அத்துமீறி நுழைந்தவன் வெளியேறிய பிறகு துரத்திப் போய் அவன் தெருவில் வைத்து அடித்தால் அது தற்காப்பு இல்லை. அது தாக்குதல்.

கம்பிக்குக் கண் இல்லை

இப்போது மின்கம்பிக்கு வருவோம். நாம் எதிரில் நின்று செய்யும் செயலுக்கும், நாம் வீட்டில் தூங்கும்போது கம்பி செய்யும் செயலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாம் நின்றால் பார்ப்போம். வந்தது பன்னியா, பக்கத்துக் கொல்லைக்காரரா, வயிற்றைக் கலக்கி ஒதுங்க வந்த பெண்ணா, வழி தவறிய பிள்ளையா என்று தெரியும். குரல் கொடுப்போம். ஓடினால் விட்டுவிடுவோம். கம்பிக்கு இது எதுவும் தெரியாது. நான்கு சூழலும் மூன்று கட்டும் அதற்குப் புரியாது. அதனால்தான் மின்சாரம் பாய்ச்சிய கம்பியைத் தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்பதில்லை.

இதை உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டது. செருபின் கிரிகோரி எதிர் பீகார் அரசு என்பது வழக்கு. 1959-இல் நடந்த நிகழ்வு, 1963-இல் தீர்ப்பு. ஒரு பெண்ணின் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டது. மறைப்பு இல்லாததால் அக்கம்பக்கத்துக் கழிப்பறையைப் பயன்படுத்தினார். அதன் உரிமையாளர் வராதே என்று வாயால் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி வீட்டு மின்சாரத்தை இணைத்தார். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்ற எச்சரிக்கை இல்லை. அந்தப் பெண் கம்பியில் பட்டு இறந்தார்.

"அவர் என் இடத்துக்குள் அனுமதி இல்லாமல் வந்தவர், அவரைக் காக்கும் பொறுப்பு எனக்கு இல்லை" என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுமதியில்லாமல் நுழைந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டப் பாதுகாப்பை இழந்தவர் ஆகிவிடமாட்டார். நுழைகிறவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்ற நோக்கத்தோடோ, நேர்ந்தால் நேரட்டும் என்ற அலட்சியத்தோடோ பொறி வைக்க நில உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது.

வெளிநாட்டிலும் ஒரு பண்ணைக் கதை உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்துக்கு ஆளில்லாத பழைய பண்ணை வீடு இருந்தது. அடிக்கடி யாரோ புகுந்து பொருள் எடுத்தார்கள். 1967-இல் கதவைத் திறந்தால் தானாகச் சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். பழைய புட்டி, சாடி எடுக்கப் புகுந்த ஒருவரின் கால் சிதைந்தது. அவர் திருட வந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் 1971-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உழவர் குடும்பம் 30,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்பதை உறுதி செய்தது. பணம் கட்ட 80 ஏக்கர் நிலத்தை அவர்கள் விற்க நேர்ந்தது. புட்டியைக் காக்கப் போய் நிலம் போயிற்று.

என்னென்ன வழக்கு வரும்?

மின்கம்பியில் பட்டு ஆள் இறந்தால், கவனக்குறைவால் மரணம் என்ற 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. உயிர் போகும் என்று தெரிந்தே போட்டார் என்று கண்டால் 105-வது பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்தல். 10 ஆண்டு வரை சிறை. மின்சாரச் சட்டம் 2003-இன் 135-வது பிரிவு தனி. பம்புசெட்டுக்குக் கொடுத்த இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பது, அனுமதித்ததற்கு வேறான பயன்பாடு. அதுவும் மின் திருட்டுக் கணக்கில் வரும், 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இலவச மின்சாரம் உழவர் இயக்கங்கள் போராடிப் பெற்ற உரிமை. அதை ஆள் சாகும் கம்பிக்குக் கொடுத்தால், அந்த உரிமையைப் பறிக்க நினைப்பவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம்.

சட்டத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. நாளிதழில் வரும் மின்வேலிச் சாவுச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். திருடன் செத்தான் என்ற செய்தி அபூர்வம். விடியலில் மடை திறக்கப் போன உழவர், கம்பி போட்டவரே, அவர் மகன், களை எடுக்கப் போன அக்கா, மாடு தேடிப் போன தாத்தா, எலி பிடிக்கப் போன இருளர் என்றுதான் இருக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயலில் எலிக்காகத் தரையோடு கம்பி இழுக்கிறார்கள். சேற்றில் நிற்கும் காலுக்கு அது எமன்.

சிப்காட் ஓரத்து ஊர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 மே 13 அன்று இந்தத் தொழிற்பேட்டைப் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். 2025 மே 15 அன்று குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. இப்படி ஒன்று நள்ளிரவில் நடந்தால் சனம் எந்தப் பக்கம் ஓடும்? சாலைப் பக்கம் புகை என்றால் வயல் பக்கம்தான் ஓடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுகிறவருக்கு எந்தக் கொல்லையில் யார் கம்பி கட்டியிருக்கிறார் என்று தெரியுமா? நம் வயல், ஊருக்குத் தப்பிக்கும் வழியும்கூட.

பன்னி, யானை, மயில், மாடு

"சரி, ஆளுக்குத்தான் சட்டம். பன்னிக்குமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. அதன் 11-வது பிரிவில் ஒரு தற்காப்பு விதி உண்டு. தன்னையோ வேறு ஒருவரையோ காக்க, நல்லெண்ணத்தில் விலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றம் இல்லை. கவனியுங்கள்: "தன்னையோ வேறு ஒருவரையோ" என்றுதான் இருக்கிறது. பயிரை என்று இல்லை. பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலர் அனுமதி தர வேண்டும். நாமே முடிவெடுக்க முடியாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள், உழவர் அல்ல. காப்புக்காட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்கள் இந்த மூன்றாவது வகையில் வரும். எனவே கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் மனுக் கொடுத்துக் கேட்க நமக்கு வழி இருக்கிறது. தனி ஆளாகக் கேட்டால் நடக்காது. ஊர் சேர்ந்து, சேதத்தின் படத்தோடு கேளுங்கள்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிரைக் காக்கப் போட்ட திருட்டு மின்சாரக் கம்பியில் பட்டு மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார். அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகள் பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் மின்வேலி அமைக்க வனத்துறை அனுமதி வேண்டும், இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும், இந்தியத் தர நிர்ணயப்படி இருக்க வேண்டும்.

அவுட்டுக்காய் என்னும் பன்னிவெடி வைப்பது வனச் சட்டத்தோடு வெடிபொருள் சட்டத்திலும் குற்றம். மயிலுக்கு நஞ்சு கலந்த தானியம் தூவுவது முதல் அட்டவணை விலங்கைக் கொன்ற குற்றம். நஞ்சில்லா வேளாண்மை செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, வரப்பில் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வைத்தால் அதற்கு என்ன பொருள்?

அடுத்தவர் மாடு, ஆடு மேய்ந்தால்? அதற்கு 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் இருக்கிறது. பயிரை மேயும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்கலாம். நம் பாட்டன்மார் காலத்தில் கொண்டிமாட்டுக்கு இதுதான் வைத்தியம். பவுண்டு இல்லாத ஊர்களில் அதைக் கிராமசபைத் தீர்மானமாகக் கேட்கலாம். மாட்டின் காலை வெட்டினாலோ நஞ்சு வைத்தாலோ 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

திருடனைப் பிடித்துவிட்டோம். பிறகு?

நம் கண்ணெதிரில் பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், தனி மனிதரும் பிடிக்கலாம். குற்ற நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இது. பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஒயர் கட்டு, மோட்டார் போன்ற பெரிய திருட்டுக்கு இது பொருந்தும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடியவர், அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அந்தச் சிறு திருட்டு நேரடிக் கைதுக்குரிய குற்றமே இல்லை. எனவே நாலு தேங்காய்க்காக ஒருவரைக் கட்டிவைத்தால் வழக்கு நம் மேல் திரும்பும். பெயரைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, புகார் கொடுப்பதே சரி.

மரத்தில் கட்டி அடிப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 2021 செப்டம்பரில் நம் மாவட்டத்தில், பண்ருட்டி பக்கத்து முந்திரி ஆலை ஒன்றில் வேலை செய்த தொழிலாளி, முந்திரிப் பருப்பு திருடினார் என்று சொல்லிப் பிடிக்கப்பட்டார். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. கொலை வழக்காகி சிபிசிஐடி விசாரித்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பருப்புக்கு விலை உண்டு, அதை நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம்.

ஆலைக்கும் அரசுக்கும் இதே அளவுகோல்

இந்த எல்லைகள் நமக்கு மட்டும் இல்லை. ஆலை மதிலைத் தாண்டி வரும் ஆடு மேய்க்கும் பையனையோ, பழைய இரும்பு பொறுக்குகிறவரையோ காவலாளி அடித்துக் கொல்ல முடியாது. ஆலை மதிலில் நேரடி மின்சாரம் பாய்ச்ச முடியாது. 35-ம் 41-ம் அவர்களுக்கும் அதே 35, அதே 41.

அரசின் துப்பாக்கிக்கும் எல்லை உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடியில், அங்குள்ள சிப்காட் வளாகத்துத் தாமிர ஆலையை எதிர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கை, காவல்துறை வரம்பு மீறியதாகக் கண்டது. சொத்துக்குச் சேதம் வரும் என்பது உயிரை எடுக்கப் போதிய காரணம் அல்ல என்று அன்று நாம் எல்லோரும் சொன்னோம். அதையே நம் கொல்லைக்கும் சொல்ல வேண்டும்.

நம் பயிர் மீது இயந்திரம் ஏறினால்? 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலி நிறுவனத்தின் பரவனாற்று வாய்க்கால் வேலைக்காக, கதிர் வரும் நெல் வயலில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். அங்கே தற்காப்பு உரிமை ஏன் பயன்படவில்லை? அரசு ஊழியர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்தில் செய்யும் செயல், அவர் சொல்லி மற்றவர் செய்யும் செயல், இவை முழுக்கச் சட்டப்படி இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் தராத வரை அவற்றுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை இல்லை (37-வது பிரிவு). கல்லெறிந்தால் வழக்கு நம் மேல். அங்கு பயன்பட்டது உயர் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இழந்த மண்ணுக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் பயிரை அழித்தது தவறு என்பது நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது.

ஆலைக் கழிவு வயலில் பாய்ந்தாலும் இதே முறை. மடையை மண் போட்டு அடைத்து நம் வயலைக் காப்பது தேவையான அளவுத் தற்காப்பு. ஆலைக்குள் புகுந்து குழாயை உடைப்பது இல்லை. தண்ணீர் மாதிரியை நாள், நேரம், இடம் குறித்து எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

கம்பிக்குப் பதில் என்ன?

முதலில் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். தர முத்திரை பெற்ற சூரியசக்தி வேலியில் துடிப்புக் கருவி இருக்கிறது. அது விநாடிக்கு ஒருமுறை, 10 மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் மட்டும் மின் துடிப்பை அனுப்புகிறது. பட்டால் சுள்ளென்று அடிக்கும், உடனே விலகலாம். நேரடி 230 வோல்ட்டில் இடைவெளி இல்லை. தசை இறுகிக் கை கம்பியைவிட்டு வராது. கொக்கி போட்டு இழுத்த கம்பியில் ஒரு "சோக்" மாட்டினால் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள்.

சூரியசக்தி வேலிக்கு மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். தனித்தனியாகப் போடாமல் ஒரு கண்டத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து போட்டால் செலவு குறையும். எச்சரிக்கைப் பலகை தமிழில், இரவிலும் தெரியும்படி இருக்கட்டும்.

கிளுவை, கொடுக்காப்புளி, இலந்தை, கள்ளி என உயிர்வேலி வளர இரண்டு மூன்று ஆண்டாகும். ஆனால் அது ஆடுக்குத் தழையும் தேனீக்குப் பூவும் தரும். வெளி வரிசையில் ஆமணக்கு அடர்த்தியாகப் போடலாம். எலிக்கு வரப்பைச் சிறிதாக்குங்கள், ஊரே ஒரே வாரத்தில் வளை தோண்டுங்கள். ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள், தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். கிட்டி வைக்கவும் வளை வெட்டவும் தெரிந்த இருளர் குடும்பங்களுக்கு நியாயமான கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். ஒயர் திருட்டுக்கு மோட்டார் கொட்டகையை ஊர்ப்பக்கம் தெரியும்படி அமைப்பதும், முறைவைத்து இரவு காவல் போவதும் பழைய வழிகள். இன்றும் வேலை செய்கின்றன.

யாராவது கம்பியில் சிக்கியிருந்தால் கையால் இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கம்பால் கம்பியை விலக்குங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உடலை இடம் மாற்றுவது, கம்பியைச் சுருட்டி ஒளிப்பது வழக்கைக் கூட்டும். அதோடு, இன்னும் உயிர் இருக்கக்கூடியவரைச் சாகவும் விடும்.

எங்கள் குழுவில் இந்தப் பாடம் முடிந்ததும் வயதான ஓர் அக்கா கேட்டார்: "அப்போ பன்னி தின்னட்டும்னு விட்டுடணுமா?" இல்லை. பன்னியைச் சுட வனத்துறை வர வேண்டும், சேதத்துக்கு இழப்பீடு வேண்டும், நல்ல வேலிக்கு மானியம் வேண்டும் என்று கேட்க வேண்டியது அரசிடம். அதைக் கேட்க முப்பது பேர் வனச்சரக அலுவலகம் போக வேண்டும். கொக்கிக் கம்பியை ஒரே ஆள் ஒரே ராத்திரியில் போட்டுவிடுவார். முப்பது பேரைத் திரட்டுவதுதான் கடினம். இயக்கம் இருப்பது அதற்குத்தான்.

அடுத்த கிராமசபைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் இரவில் நேரடி மின்சாரம் ஓடும் கொல்லைகள் எத்தனை என்று கணக்கெடுங்கள். காட்டிக்கொடுக்க வேண்டாம். அந்தக் கொல்லைக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். கம்பியை அன்றைக்கே சேர்ந்து அவிழ்த்து, அவருக்கு வேறு வேலி போட இரண்டு நாள் வேலைக்கு நீங்களே போங்கள்.